ருக்கியா டீச்சரின் வலது கை

கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டைப் பக்கத்தில் கார் ஓட்டத் தெரிந்த ஒரு பெண்ணைப் பிடித்து, "யாரிடம் பழகினீங்க?" என்று கேட்டால், பெரும்பாலும் ருக்கியா டீச்சரின் பெயர்தான் வரும். அவர் பள்ளிக்கூட டீச்சர் அல்ல. வெள்ளை மாருதி ஒன்றின் கூரையில் சிவப்பு 'எல்' பலகையைக் கட்டிக்கொண்டு, இருபது வருடங்களுக்கு மேலாகப் பெண்களுக்கு மட்டும் வாகனம் ஓட்டப் பழக்கிவந்தவர். ஐம்பத்தாறு வயது. தலையில் எப்போதும் இறுக்கமாகச் சுற்றிய முக்காடு, காலில் தட்டையான சப்பாத்து, வாயில் ஓயாத ஏச்சு.

"றோட்டப் பாரு புள்ள, என்ட மூஞ்சில என்னத்த ஈக்கு?" என்பார். "கியர மாத்துறயா, ஒரல்ல மாவு இடிக்கிறயா?" என்பார். பழக வந்தவர்கள் முதல் நாள் அழுவார்கள். இரண்டாம் வாரம் சிரிப்பார்கள். லைசன் கிடைத்த அன்று இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்து நிற்பார்கள்.

அவருடைய கணவர் றவூப் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்தார். அமைதியான மனிதர். பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில் பேச்சு முழுவதும் ருக்கியாவுடையதாகவும் சிரிப்பு முழுவதும் றவூபுடையதாகவும் இருந்தது.

2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அழகம்மா என்ற பெண் பழக வந்தாள். நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணமாகிக் கண்டிக்கு வந்து, கணவன் இறந்தபிறகு ஒரு பாடசாலை வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை பார்த்துவந்தாள். கதவைத் திறந்து மூடிக்கொண்டே காலத்தை ஓட்டிவிடக்கூடாது, தானே அந்த வேனை ஓட்டவேண்டும் என்பது அவள் எண்ணம். சமதரையில் சீக்கிரமே பழகிவிட்டாள். ஆனால் ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொன்னால் கைகால் உதறும். கார் பின்னால் வழுக்கும். கண்டியில் ஏற்றமில்லாத றோட்டு எங்கே இருக்கிறது?

ஒருநாள் அப்படித்தான் கார் வழுக்கியது. பக்கத்தில் இருந்த ருக்கியாவின் வலது கை சட்டென்று மேலே எழும்பி அழகம்மாவின் பக்கம் வெட்டியது. அழகம்மா கதவோடு ஒட்டிக்கொண்டாள்.

"ஐயோ டீச்சர், அடிக்க வர்றீங்களா?"

"நான் ஏன் புள்ள ஒன்ன அடிக்கிற? கை சும்மா இழுத்துச்சு."

இருவரும் சிரித்தார்கள். அடுத்த நாள் மறுபடியும் அப்படி நடந்தது. அன்று அழகம்மா கையை மட்டும் பார்க்கவில்லை. அதே நொடியில் டீச்சரின் வாயின் வலது ஓரமும் ஒரு பக்கமாக இழுபட்டதைக் கண்டாள். கண்ணிமைக்கும் நேரம்தான். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல டீச்சர் ஏசத் தொடங்கினார். நரம்புப் பிடிப்பு என்று சொல்லி எண்ணெய் தேய்த்துக்கொண்டார். வாரங்கள் போகப்போக அந்த வெட்டு ஒரு பாடத்துக்குள் பலமுறை வந்தது.

அதற்குப் பின்னால் மறதி வந்தது.

ஒரே பாடத்தை மூன்று நாள் முதற்பாடம்போல நடத்தினார் ருக்கியா. கடை மூடும் நேரத்தில் றவூபைக் கூட்டிப்போக வருவதாகச் சொல்லிவிட்டு வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், "இன்னேரத்துக்கே கடைய மூடிட்டீங்களா?" என்று வியப்போடு கேட்டார். அடுப்பில் மீன் கறி கருகிக் கிடந்தது. தூக்கம் கெட்டது. சாவியை யாரோ ஒளித்துவைக்கிறார்கள் என்று சண்டை பிடித்தார். பின்சீட்டில் ஒரு சிறுமி உட்கார்ந்திருக்கிறாள், அவளை ஏன் இறக்கிவிடவில்லை என்று ஒருநாள் அழகம்மாவிடம் கோபப்பட்டார். பின்சீட்டில் எவரும் இருக்கவில்லை.

றவூப் அவரை ஒரு தனியார் வைத்தியரிடம் கூட்டிப்போனார். இரத்தத்தில் உப்பு குறைவாக இருப்பதாகச் சொன்ன அவர், சாப்பாட்டில் உப்பைக் கூட்டச் சொன்னார். மாத்திரை எழுதினார். ருக்கியாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "மறதி நோய் தொடங்கிட்டுது. இனிக் கூடிக்கிட்டுத்தான் போகும். நீங்க மனசத் தயார்படுத்திக்கங்க" என்றார். கை வெட்டுவதைப்பற்றி அவர் கேட்கவுமில்லை, றவூப் சொல்லவுமில்லை. மறதிக்கும் கைக்கும் தொடர்பு இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

செய்தி பரவியது. பழக வந்த பெண்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். யாரையும் குறைசொல்ல முடியாது, பயம்தான். அழகம்மா மட்டும் நிற்கவில்லை.

"நீ வேற எடத்துல பழகலாமே, புள்ள" என்றார் றவூப்.

"பழகலாம் நானா" என்று அவரை அண்ணன் முறை சொல்லி அழைத்தாள் அழகம்மா. "ஆனா டீச்சருக்கு இப்ப நான் ஒருத்திதான இருக்கேன். நானும் போயிட்டா அவங்க காருக்குள்ள உக்காரவே மாட்டாங்க."

ஒரு சனிக்கிழமை காலை. பேராதனைக்குப் போகும் வழியில், கெட்டம்பேயில் பெரிய றோட்டிலிருந்து மேலேறும் ஓர் ஒடுங்கிய பாதைக்கு அழகம்மாவைப் பழக்கக் கூட்டிப்போனார் ருக்கியா. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் வீடுகளின் மதில். பாதி ஏற்றத்தில் நிறுத்தச் சொன்னார். அழகம்மா நிறுத்தி, ஹாண்ட் பிறேக்கை இழுத்தாள். அடுத்து என்ன செய்யச் சொல்லுவார் என்று காத்திருந்தாள்.

"இந்தப் பாதை எங்க போற?" என்றார் ருக்கியா.

"நீங்கதான டீச்சர் கூட்டிட்டு வந்தீங்க?"

ருக்கியா அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஏச்சும் இல்லை, கோபமும் இல்லை.

"நீ யாரு?"

அழகம்மா பதில் சொல்ல வாயெடுக்குமுன் ருக்கியாவின் உடம்பு முழுவதும் விறைத்தது. தலை பின்னால் சாய்ந்து, கண்கள் மேலே செருகி, கைகால்கள் உதறத் தொடங்கின. வாயோரம் நுரை வழிந்தது. அழகம்மா அவருடைய தலை கண்ணாடியில் மோதாமல் தன் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, மறுகையால் ஹோர்னை விடாமல் அழுத்தினாள். பின்னால் ஏறிவந்த ஒரு திறீவீலர் நின்றது. அதிலிருந்து ஓட்டுநரும் ஒரு முதிய பெண்ணும் ஓடிவந்தார்கள்.

உதறல் தானாக அடங்கியது. ஆனால் ருக்கியா கண் திறக்கவில்லை. குறட்டைபோல மூச்சு இழுத்தது. திறீவீலருக்குள் அவரைத் தூக்கிவைக்க முடியாது. அந்தப் பெண் காரின் பின்கதவைத் திறந்து ஏறி, முன்சீட்டைச் சாய்த்து, ருக்கியாவின் முகத்தை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டார். "யன்ன, துவே, யன்ன" என்றார் சிங்களத்தில். போ மகளே, போ.

பின்னால் போகப் பாதையில்லை. திறீவீலர் அடைத்துக்கொண்டு நின்றது. மேலே ஏறித்தான் திருப்பவேண்டும். அழகம்மாவின் கால்கள் எப்போதும்போல நடுங்கின. அவள் வாய்விட்டு, டீச்சர் சொல்லும் வார்த்தைகளை டீச்சரின் குரலிலேயே தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "கிளச்சப் பாதி விடு. அவசரப்படாத. கார் மூக்கத் தூக்கும், அந்த நேரம் பாத்து ஹாண்ட் பிறேக்க எறக்கு. பயந்தா பின்னுக்குத்தான் போவ."

கார் மூக்கைத் தூக்கியது. அவள் பிறேக்கை இறக்கினாள். ஒரு விரற்கடை கூட வழுக்காமல் கார் மேலே ஏறியது.

மேலே ஒரு வீட்டு வாசலில் திருப்பிக்கொண்டு இறங்கிப் பெரிய றோட்டில் சேர்ந்தாள். சந்தியில் பொலிஸ்காரர் ஒருவர் 'எல்' பலகையையும் சாய்ந்து கிடந்த ஆசிரியையையும் கண்டு கையை நீட்டினார். "இஸ்பிரிதாலெட்ட, மஹத்தயா!" என்று, ஆஸ்பத்திரிக்கு ஐயா என்று பொருள்பட, அவள் கத்திய கத்தலில், நீட்டிய கையை அவர் மறுபக்கம் திருப்பி எதிரே வந்த பஸ்ஸை நிறுத்தினார். பாலத்தைத் தாண்டி, பேராதனை ஆஸ்பத்திரி வாசலில் காரைக் கொண்டுபோய் நிறுத்தியபிறகுதான் அழகம்மாவுக்கு அழுகை வந்தது.

*

வார்ட்டில் ருக்கியாவைப் பார்த்தவர் டாக்டர் பெரியதம்பி. நரம்பியல் நிபுணர், யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த உருவம். உப்புக் குறைவு என்ற பழைய இரத்தப் பரிசோதனையைப் பார்த்ததும் அவர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். றவூபையும் அழகம்மாவையும் பார்த்து ஒரு கேள்விதான் கேட்டார்.

"இவவுக்குக் கையோ முகமோ திடீரெண்டு வெட்டுறதைக் கண்டிருக்கிறியளோ? சும்மா ஒரு செக்கன், ரெண்டு செக்கன்?"

றவூப் அழகம்மாவைப் பார்த்தார். அழகம்மா எழுந்து நின்று, வலது கையைத் தூக்கி வெட்டி, வாயோரத்தையும் கோணிக் காட்டினாள்.

"எத்தினை நாளா?"

"நான் வந்த புதுசுலருந்தே இருக்குங்க டொக்டர். அப்பறம்தான் மறதி வந்திச்சு. அடிக்க வர்றாங்கன்னு நெனச்சேன்."

டாக்டர் எழுந்து போகவில்லை. கட்டிலருகே ருக்கியாவின் முகத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். வெளியே வண்டிச் சத்தமும் வார்ட்டில் தேநீர்க் கோப்பைகளின் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. சிறிது நேரத்தில் ருக்கியாவின் வலது கை வெட்டியது, முகம் இழுபட்டது. டாக்டர் கதிரையின் கையைத் தட்டினார், ஏதோ விடை கிடைத்த மாணவனைப்போல.

"ஐயா, இது பைத்தியமா?" என்றார் றவூப். அந்தச் சொல்லை மாதக்கணக்காக அவர் நெஞ்சுக்குள்ளேயே வைத்திருந்தார்.

"இல்லை."

"மறதி நோயா?"

"அதுவும் இல்லை எண்டுதான் நினைக்கிறன். கேளுங்கோ. காய்ச்சல் வந்தா கிருமியோடை சண்டை பிடிக்க உடம்பு பிறபொருளெதிரி எண்டு ஒரு சாமானை உண்டாக்கும். எங்களைக் காப்பாத்திறது அதுதான். சில பேருக்கு அது ஆள் மாறி, தன்ரை உடம்பையே அடிக்கத் தொடங்கும். இவவுக்கு அது மூளையிலை, ஞாபகத்தைச் சேத்து வைக்கிற இடத்திலை போய் ஒட்டியிருக்கு. அதுதான் மறதி. அதுதான் கை வெட்டுறது. உப்புக் குறையிறதும் அதாலைதான்."

"அது ஏன் டொக்டர் அப்படி மாறுற?" என்றார் றவூப்.

"அது எங்களுக்கும் இன்னும் முழுக்கத் தெரியாது" என்றார் டாக்டர். "ஆனா அதை அடக்க மருந்து இருக்கு. ஸ்கானும் எடுப்பம், இரத்தமும் முதுகுத்தண்டு நீரும் சோதனைக்கு அனுப்புவம். மறுமொழி வர நாள் எடுக்கும். அதுவரைக்கும் நான் பாத்துக்கொண்டு இருக்கப்போறதில்லை. இண்டைக்கே தொடங்கிறன்."

"சுகம் வருமா?"

"ஓம். வரும் எண்டு எனக்கு நம்பிக்கை இருக்கு. எவ்வளவு வரும் எண்டு இப்ப சொல்லமாட்டன்."

றவூப் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். மனதைத் தயார்படுத்தச் சொன்ன நாளிலிருந்து அவர் கேட்ட முதல் நல்ல சொல் அது.

மருந்து சேலைன் வழியாக நாள்தோறும் ஏறியது. அதன் பிறகு இரத்தத்தை ஓர் இயந்திரத்தின் வழியே ஓடவிட்டு, அந்தக் கெட்ட பிறபொருளெதிரியைப் பிரித்தெடுத்து, மிச்ச இரத்தத்தை மறுபடியும் உடம்புக்குள் செலுத்தினார்கள். ருக்கியாவின் முகம் பூசணிக்காய்போல வீங்கியது. இரத்தத்தில் சீனி கூடியது. கழிவறைக்குப் போய்த் திரும்பிவர வழி தெரியாமல் பக்கத்துக் கட்டிலில் போய்ப் படுத்தார். ஆனால் கையின் வெட்டு நாளுக்கு நாள் குறைந்தது. ஒரு நாள் முழுக்க வராமலே போனது. அதற்கிடையில் சோதனையின் மறுமொழியும் வந்தது. டாக்டர் நினைத்தது சரிதான்.

ஒரு காலைவேளை, மருந்து வண்டியைத் தள்ளிவந்த பணிப்பெண் அதைப் பின்னால் எடுக்கும்போது ருக்கியாவின் கட்டில் காலில் இடித்துவிட்டாள். போத்தல்கள் கிலுங்கின.

"பின்னுக்கு எடுக்கக்குள்ள திரும்பிப் பாக்கவேணாமா புள்ள? முதுகுல கண்ணா ஈக்கு ஒனக்கு?"

வார்ட்டு முழுவதும் கேட்ட அந்தக் குரலில் பணிப்பெண் திடுக்கிட்டு நின்றாள். பழைய குரல். நான்கைந்து மாதங்களாகக் கேட்காத குரல். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்த றவூப் அதை அப்படியே வைத்துவிட்டு வெளி வராந்தாவுக்கு ஓடினார். சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். போகிற வருகிறவர்கள் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து ஆறுதல் சொல்ல வந்தார்கள். "இல்ல இல்ல," என்றார் அவர், கண்ணீரும் சிரிப்புமாக. "என்ட பொஞ்சாதி ஏசுறா!"

அன்று மாலை அழகம்மா வந்தாள். தோடம்பழங்களைக் கட்டிலோரம் வைத்துவிட்டு, "எப்படி இருக்கீங்க டீச்சர்?" என்றாள்.

ருக்கியா மரியாதையோடு புன்னகைத்தார். "நல்லா ஈக்கிறன். நீங்க யாரு, தெரியலியே?"

அழகம்மாவின் முகம் வாடியது. றவூப் இடையில் புகுந்து, எல்லாவற்றையும் சொன்னார். இவள்தான் கடைசி மாணவி, இவள்தான் காரோட்டிக் கொண்டுவந்து சேர்த்தவள் என்றார். ருக்கியா கவனமாகக் கேட்டார். பதினைந்து வருடங்களுக்கு முன் பழகிய பெண்களின் பெயர்களெல்லாம் அவருக்கு நினைவிருந்தன. அந்த வருடத்தின் முதல் மாதங்கள் மட்டும் துடைத்துவிட்டதுபோலப் போயிருந்தன. அந்த மாதங்களுக்குள்தான் அழகம்மா இருந்தாள்.

"என்ட உசுரக் காப்பாத்தின ஆள் என்ட மனசுல இல்லாமப் போயிட்டாளே" என்று ருக்கியா அழுதார்.

"அதுக்கென்னங்க டீச்சர்?" என்றாள் அழகம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "புதுசா பழகிக்கலாம். என் பேரு அழகம்மா."

அந்த மாதங்கள் திரும்பி வரமாட்டா என்று டாக்டர் பின்னர் சொன்னார். அந்த நாட்களின் ஞாபகம் சேர்த்துவைக்கப்படவே இல்லை. இனிமேல் வருவதை மனதில் இருத்திக்கொள்ள முடியுமா என்பதுதான் கேள்வி.

*

முடியும்போலத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்த முதல் வாரங்களில் காலையில் சாப்பிட்டது மதியம் மறந்தது. கிளினிக்கில் சில சொற்களைச் சொல்லி, சற்றுப் பொறுத்துத் திரும்பக் கேட்டார்கள். ருக்கியாவுக்கு ஒரு சொல்தான் வந்தது.

வீட்டு முற்றத்தில் மாருதி தூசி படிந்து நின்றது. வலிப்பு வந்தவர் ஒரு வருடமாவது ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது, பழக்கவும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அழகம்மா வேன் வேலை முடிந்து மாலைகளில் வந்துபோனாள். ஒருநாள் பேச்சுவாக்கில், அன்று வேனில் வந்த பிள்ளைகளின் கூத்தைச் சொன்னாள். எந்தச் சந்தியில் எந்தப் பிள்ளை ஏறும், எது தூங்கி விழும், எது பக்கத்துப் பிள்ளையின் சாப்பாட்டைத் திருடித் தின்னும் என்றெல்லாம் சொன்னாள். ருக்கியா சிரித்துச் சிரித்துக் கேட்டார். மறுநாள் அவள் வந்தபோது, "நேத்து ஒரு புள்ளயப் பத்திச் சென்னயே, தண்ணிப் போத்தலக் கொட்டினது, அது பேரு என்னமோ..." என்று தேடினார். பெயர் வரவில்லை. ஆனால் போத்தல் வந்தது. போத்தல் வந்ததே அழகம்மாவுக்குப் பெரிய செய்தியாக இருந்தது.

அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. அழகம்மா சொல்லுவாள். மறுநாள் ருக்கியா அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். பிழைத்தால் அழகம்மா விடமாட்டாள்.

"அது இல்லீங்க. நல்லா யோசிங்க."

"யோசிச்சிட்டன், வருதில்ல. செல்லித் தா!"

"சொல்லமாட்டேன். நீங்க என்னைய ஏத்தத்துல எத்தன வாட்டி விட்டீங்க தெரியுமா?"

"எனக்குத்தான் அது ஞாபகமில்லியே!" என்று ருக்கியா கத்த, கேட்டுக்கொண்டிருந்த றவூபும் சேர்ந்து மூவருமே சிரித்துவிட்டார்கள்.

மாத்திரைகளின் அளவு குறைந்துகொண்டே வந்தது. முகத்தின் வீக்கம் வற்றியது. வேன் நிற்கும் இடங்கள் வரிசையாக மனதில் உட்கார்ந்தன. பார்த்தேயிராத பிள்ளைகளின் பெயர்கள், அவர்களின் தம்பி தங்கைகள், யாருக்கு எந்த டீச்சரைப் பயம் என்பது வரை வந்துவிட்டது. அடுத்த கிளினிக்கில் எல்லாச் சொற்களையும் திருப்பிச் சொல்லிவிட்டு, "போன தடவ நீங்க கேட்ட சொல்லுகளும் வேணுமா?" என்று ருக்கியா கேட்டார். டாக்டர் பெரியதம்பி பேனாவை மேசையில் போட்டுவிட்டு உரக்கச் சிரித்தார்.

அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தால், முற்றத்தில் ஒருவர் காரைச் சுற்றிச்சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்குறணையிலிருந்து வந்திருப்பதாகச் சொன்னார். றவூப் தலையைக் குனிந்துகொண்டார். ருக்கியா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே காரை விற்கச் சொல்லிவைத்திருந்தார் அவர்.

"இந்தக் கார் விக்கிறதுக்கில்ல" என்றார் ருக்கியா.

"ருக்கியா, நீ பொழச்சு வந்ததே பெரிசு. இன்னும் எனக்கு அந்த வார்ட்டுதான் கண்ணுக்குள்ள ஈக்கு. நீ றோட்டுக்குப் போனா கடையில என்னால ஒரு துணி வெட்ட ஏலுமா?"

"பொழச்சது எதுக்கு? மூலையில குந்திக்கிட்டு பகல எண்ணுறதுக்கா?" ருக்கியா ஏசவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். "என்ட மண்டைக்குள்ள ஈந்த நோவு என்ட ஞாபகத்தத் தின்டுச்சு. மிச்சம் ஈக்கிறத நீங்க தின்னாதீங்க."

றவூப் அக்குறணைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தானே வாளியும் துணியும் எடுத்துக் காரைக் கழுவினார்.

அழகம்மாவின் லைசன் பரீட்சையான ட்ரையல் வந்தது. ருக்கியாவுக்குத் தெரிந்த வேறொரு வாகனப் பயிற்சிப் பள்ளியின் ஆசிரியை அவளை அதே மாருதியில் கூட்டிப்போனார். ருக்கியாவும் றவூபும் மைதானத்து வேலியோரம் நின்றார்கள். ருக்கியா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இல்லாத கிளச்சை மிதித்துக்கொண்டே இருந்தார். பரிசோதகர் காரைவிட்டு இறங்கித் தலையசைத்ததும் அழகம்மா ஓடிவந்து வேலிக்கு மேலாக ருக்கியாவைக் கட்டிக்கொண்டாள்.

"பாஸ் டீச்சர்! பாஸ்!"

"நான் பழக்கினது வீணாப் போகுமா?" என்றார் ருக்கியா. பழக்கியது எதுவும் நினைவில்லாவிட்டாலும் அந்தப் பெருமை நியாயமானதுதான்.

2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், ருக்கியாவின் கடைசிப் பரிசோதனைகளையும் பார்த்துவிட்டு, டாக்டர் பெரியதம்பி கையெழுத்திட்டார். "கார் ஓடலாம். ஆனா மருந்தை விடக்கூடாது, கிளினிக்குக்கு வாறதையும் விடக்கூடாது. எங்கையாவது கை வெட்டினா அடுத்த நிமிசம் எனக்குச் சொல்லவேணும்."

வேண்டிய இடங்களுக்கெல்லாம் போய் அனுமதியையும் முடித்துக்கொண்ட நாளில், மாருதியை அழகம்மா அவர்கள் நின்ற பேராதனை ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுவந்திருந்தாள். சாவியை ருக்கியாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். றவூப் முன்னால், இடது பக்கத்தில் உட்கார்ந்தார். "சுத்தி, நெரிசலில்லாத பாதையால போவமே" என்றார்.

"நான் கண்டி டவுனுக்குள்ளாலதான் போற."

"பள்ளிக்கூடம் உடுற நேரம் ருக்கியா!"

"அதுதான்."

"பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி ருக்கியா காரை எடுத்தார். கெட்டம்பேயைத் தாண்டியதும் நெரிசல் தொடங்கியது. ஒரு பஸ் இடதுபக்கத்தால் முந்தியது, ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே பாய்ந்தது. திடீரென்று கார் குலுங்கி நின்றது. ருக்கியா பிறேக்கைத் தொடவே இல்லை. குனிந்து பார்த்தார். ஆசிரியை மிதிப்பதற்காக இடது பக்கத்தில் வைத்திருந்த இரண்டாவது பிறேக்கில் றவூபின் கால் முழுப் பாரத்தோடு அழுந்தியிருந்தது.

"காலத் தூக்குங்க!"

"அந்த பஸ்..."

"பஸ்ஸ நான் கண்டுட்டன். கால மடிச்சு சீட்டுக்கு மேல வைங்க!"

றவூப் சின்னப் பையனைப்போலக் காலை மடித்துச் சம்மணமிட்டுக்கொண்டார். பின்னாலிருந்து அழகம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ருக்கியா சிக்னலுக்குச் சிக்னல், சந்திக்குச் சந்தி, வாகனங்களுக்குள்ளே இடம் பிடித்து இடம் கொடுத்து நகர்ந்தார். குளத்தருகே வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் கூட்டமாக றோட்டைக் கடந்தார்கள். அவர் நிறுத்திக் காத்திருந்தார். கடைசிப் பிள்ளை போனதும் மறுபடி எடுத்தார். எந்த ஒழுங்கையில் எந்த நேரம் லொறி நிற்கும், எந்த வளைவில் யார் அவசரப்படுவார்கள் என்பதெல்லாம் கைகளுக்குத் தெரிந்திருந்தது. புதிதாக ஒருவழிப் பாதையாக்கியிருந்த ஒரு தெருவுக்கு மட்டும் திரும்பப்போய், அறிவிப்பைக் கண்டு, "ஓ, இது புதுசு" என்று சொல்லி நேரே விட்டார். அன்றைக்கு அது அவருடைய மனதில் பதிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒருமுறைகூட அந்தத் தெருவில் தவறவில்லை.

கட்டுகஸ்தோட்டைக் கடைவீதியில், றவூபின் கடைக்கு முன்னால் இரண்டு வாகனங்களுக்கிடையில் ஒரு சின்ன இடம் இருந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ருக்கியா கண்ணாடிகளைப் பார்த்து, ஒரே முயற்சியில் பின்பக்கமாகக் காரை அதற்குள் செருகி நிறுத்தினார். இருபக்கமும் ஒரு சாண் கூட மிச்சமில்லை. பழக்கடைக்காரர் கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். றவூப் காலை நீட்டி இறங்கியபோது அவருக்கு முழங்கால் மரத்துப்போயிருந்தது. ஆனாலும் கடைக்குள்ளே ஓடி, ஒரு பெட்டி தொதல் இனிப்போடு வந்து எல்லாருக்கும் கொடுத்தார்.

ருக்கியா உடனே இறங்கவில்லை. என்ஜினை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் கைகளை வைத்தபடி கொஞ்ச நேரம் அழுதார். அழகம்மா பின்னாலிருந்து அவருடைய தோளில் கைவைத்தாள்.

அடுத்த திங்கட்கிழமை புதிதாகப் பழக நான்கு பெண்கள் வந்தார்கள். ருக்கியா ஒவ்வொருவரிடமும் ஒரு தடவை பெயர் கேட்டார், எங்கிருந்து வருகிறார்கள் என்று கேட்டார், வேறொன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை அவர்கள் வந்தபோது முற்றத்தில் நின்று பார்த்தார். முந்தைய நாள் பச்சை முக்காடு போட்டிருந்தவள் இன்று கறுப்பில் வந்திருந்தாள். கண்ணாடி அணிந்தவள் கண்ணாடியில்லாமல் வந்திருந்தாள்.

"றிஸானா, அம்பிட்டிய. பாயிஸா, மாவில்மடை. ரத்தினம்மா, கடுகண்ணாவை. றமீஸா, இங்க பாலத்தடி" என்று விரலை நீட்டி நீட்டிச் சொன்னார். "றிஸானா, நேத்து அந்தக் கண்ணாடி இல்லாம றோட்டே தெரியான்னு சென்னாய். இன்டைக்கு எங்க அது? ஊட்டுக்குப் போய் எடுத்துட்டு வா. ரத்தினம்மா, நீ முன்னுக்கு ஏறு."